தமிழ் இளங்கலைக்குப் பின் மொழியியலா, இலக்கியமா?

கேள்வி – கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு படிக்கிறேன். செய்யுளைவிட இலக்கணத்தில், அதிலும் எழுத்துகளின் ஒலிப்பையும் புணர்ச்சியையும் சொல்லும் எழுத்ததிகாரத்தில், எனக்கு ஈடுபாடு அதிகம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மொழியியலுக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறேன். வீட்டிலோ, தமிழ் எம்.ஏ. முடித்து பி.எட். சேர்ந்தால் ஆசிரியர் தேர்வாவது எழுதலாம், மொழியியல் படித்து என்ன செய்வாய் என்கிறார்கள். இலக்கியம் படித்து வருபவருக்கு அந்த வகுப்புகள் எப்படி இருக்கும், பிற்காலத்தில் இலக்கிய ஆய்வுக்குத் திரும்ப வழியுண்டா என்பதை அரசுப் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – உகரக்குறுக்கம்

தங்கைக்கு வணக்கம். எழுத்ததிகாரத்தைக் குறிப்பிட்டதால் அதிலிருந்தே சொல்கிறேன். ‘காசு’ ஐ உருபேற்றால் ‘காசை’ ஆகிறது. ‘பசு’ ஏற்றால் ‘பசுவை’ ஆகிறது. முன்னது குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம்; அடுத்து உயிர் வந்தால் மெய்விட்டோடும். பின்னது முற்றியலுகரம், ஆகவே இடையில் ‘வ்’ என்னும் உடம்படுமெய் பெற்றது என்று இலக்கண வகுப்பில் நூற்பாவோடு முடித்துவிடுவோம். மொழியியல் வகுப்பிலோ இவ்விரு சொற்களையும் சிலரைச் சொல்லவைத்துப் பதிவு செய்து, கடைசி உயிரில் இதழ் குவிகிறதா, அது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று கணினித் திரையில் அளந்து பார்த்த பிறகே விதிக்கு வருவோம். தொல்காப்பியர் குற்றியலுகரத்தைச் சார்பெழுத்தாகத் தனியே வகுத்ததன் நுட்பம் எனக்கு அங்கேதான் விளங்கியது. இலக்கணப் பயிற்சியோடு வருபவருக்கு ஒலிகளை ஆராயும் ஒலியனியலும் சொல்லமைப்பை ஆராயும் உருபனியலும் எளிதாகவே பிடிபடும். வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியல்தான் முதல் பருவத்தில் சற்று மிரட்டும்.

அண்ணாமலையில் இத்துறைக்கு நெடிய மரபு உண்டு. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் தமிழ், மொழியியல் இரண்டிலும் தோய்ந்தவர்; துறைத்தலைவர் ச. அகத்தியலிங்கம் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையமாக விளங்கிய அத்துறை, எழுத்து வழக்கில்லாத பழங்குடி மொழிகள் உள்ளிட்ட திராவிட மொழிகளுக்கு விளக்க இலக்கணம் எழுதுவதில் முன்னின்றது. ஆயினும் பழம்பெருமையை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அது முழு அரசுப் பல்கலைக்கழகம். இன்று அத்துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், களப்பணி பாடத்தில் உள்ளதா, மாணவர்கள் உண்மையிலேயே களத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்களா என்று கேட்டறியுங்கள். ஊருக்குப் போய், முதியவர் ஒருவர் முன் அமர்ந்து, உறுப்புப் பெயர் முதல் வினைத்திரிபு வரை கேட்டு எழுதாத மொழியியல் படிப்பு பாதிப் படிப்புத்தான்.

பதில் – மேல்நிலைத் தமிழாசிரியர்

வீட்டார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மொழியியல் பள்ளிப் பாடம் அன்று. மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தத் தமிழில் முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். கல்லூரியில் தமிழ்த்துறைப் பணிக்கும் தமிழ்ப் பட்டத்தையே எதிர்பார்ப்பார்கள். எனவே முதலில் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, முனைவர் பட்டத்தில் மொழியியல் சார்ந்த தலைப்பை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. தமிழ் முதுகலைப் பாடத்திட்டத்திலும் மொழியியல் ஒரு தாளாக வருகிறது. (அந்தத் தாள் பல இடங்களில் குறிப்பேட்டை வாசித்து எழுதவைப்பதோடு முடிந்துவிடுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.)

கேள்வி – கொள்ளிடக்கரை

இருவருக்கும் நன்றி. பள்ளி முதல் தமிழ் வழியில் படித்தவள் என்பதால் இன்னோர் ஐயம்: மொழியியல் முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடக்குமா? கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எப்படி இருக்கும்?

பதில் – ஓய்வுபெற்ற பேராசிரியை

மகளே, பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் உள்ளன. அதை மறுத்துப் பயனில்லை. நெட் தேர்வில் இரு தாள்களுக்கும் சேர்த்து 150 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பாடத்தாளைத் தமிழிலேயே எழுதலாம். மொழியியல் பாடத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். அதற்காக அஞ்ச வேண்டாம். முதலில் மு. வரதராசனாரின் ‘மொழி வரலாறு’, முத்துச்சண்முகனின் ‘இக்கால மொழியியல்’ இரண்டையும் தமிழில் படித்துக் கருத்துகளைத் தெளிவாக்கிக்கொண்டால், ஆங்கில நூலில் கலைச்சொல்தான் புதிதாக இருக்கும், பொருள் புதிதாக இராது.

மேலே ஆசிரியர் சொன்ன வழியை முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. ஒலியியலும் களப்பணியும் முதுகலையிலேயே கைவராவிட்டால், முனைவர் பட்டத்தின்போது புதிதாகத் தொடங்குவது கடினம். இலக்கியத்துக்குத் திரும்புவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். சங்கப் பாடல்களின் தொடரமைப்பையோ நாட்டார் கதைப்பாடல்களின் வட்டார வழக்கையோ ஆராய மொழியியல் தெரிந்தவர்கள்தாம் தேவைப்படுகிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தராக வந்த வ. அய். சுப்பிரமணியம் மொழியியலறிஞர்தாம். ஆனால் ஆசிரியப் பணி ஒன்றே குறி என்றால் மேலே தமிழாசிரியர் சொல்வதுதான் சரி. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் போன்ற இடங்களிலும், பேச்சுத் தரவு தொகுக்கும் திட்டங்களிலும் மொழியியல் மாணவர்களுக்கு வேலை உண்டு. அவற்றில் பல ஒப்பந்தப் பணிகள் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் துறைக்கு நேரில் சென்று, அண்மையில் மாணவர்கள் அளித்த ஆய்வேடுகளைப் பார்க்கக் கேளுங்கள். அவற்றில் சொந்தமாகத் திரட்டிய தரவு இருந்தால் தயங்காமல் சேரலாம்.