எல்எம்393 பற்றரி கட்-ஓஃப்: 11.5இல் விட வேண்டிய ரிலே 12இலேயே விடுகிறது

படுவான்கரை:
வணக்கம். வவுணதீவுப் பக்கம் எங்கள் வயல் வாடிக்கு சோலார் லைட் போட்டிருக்கிறோம், 12 வோல்ட் லெட் அசிட் பற்றரி. யானை இறங்கும் காலத்தில் விடியும்வரை லைட் எரிய வேண்டும், அதுக்காகப் பற்றரி அடியோடு இறங்கிப் பழுதாகவும் கூடாது. அதனால் எல்எம்393 (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் கம்பரேட்டர் ஐசி) வைத்து ஒரு கட்-ஓஃப் போர்ட் செய்தேன். 11.5 வோல்ட்டுக்கு இறங்கினால் ரிலே விட்டு லைட்டைத் துண்டிக்க வேண்டும், 12.6க்கு ஏறினால்தான் திரும்பப் பிடிக்க வேண்டும். ஐசிக்கு 78எல்05 ரெகுலேட்டரிலிருந்து 5 வோல்ட், மைனஸ் காலில் ரெபரன்ஸாக டிஎல்431 தரும் நிலையான 2.5 வோல்ட். பற்றரியிலிருந்து 100கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் பிளஸ் காலுக்கு, அங்கிருந்து 22கேயும் 10கே பிரீசெட்டும் (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்) தொடராக கிரவுண்டுக்கு, அவுட்புட்டிலிருந்து 470கே திரும்பப் பிளஸ் காலுக்கு. அவுட்புட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7கே புல்-அப், அங்கிருந்து இன்னொரு 4.7கே வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ், கலெக்டரில் ரிலே.
பிடிப்பது சரியாக 12.6இல் பிடிக்கிறது, ஆனால் 12க்கு வந்தவுடனேயே விட்டுவிடுகிறது. பிரீசெட்டைத் திருப்பினால் இரண்டு புள்ளியும் சேர்ந்தே நகருது. 470கேயைக் குறைத்துப் பார்க்கட்டா?

கல்லடி ரேடியோ:
தம்பி, 470கேயில் கை வைக்காதீங்க, உங்கள் கணக்கு சரி. பிரீசெட் இரண்டையும் சேர்த்து நகர்த்துவதும் சரிதான். 2.5 என்பது 0க்கும் 5க்கும் நட்டநடு, அதனால் 470கே கீழே இழுப்பதும் மேலே தள்ளுவதும் ஒரே அளவு. நடுப்புள்ளியை பிரீசெட் பார்த்துக்கொள்ளும், இடைவெளியை 100கேயும் 470கேயும் பார்த்துக்கொள்ளும். 5ஐ 100ஆல் பெருக்கி 470ஆல் வகுத்தால் 1.06 வோல்ட். பிரீசெட்டோடு சேர்த்து 26கேக்குச் சற்று மேலே வைத்தால் நடு 12.05, ஆகவே 11.52இலும் 12.58இலும் மாற வேண்டும்.
ஆனால் அந்த 5 வோல்ட் உங்கள் அவுட்புட் காலில் வருகிறதா என்பதுதான் கேள்வி. 393 ஓபன் கலெக்டர், கீழே இழுக்கத்தான் அதுக்குத் தெரியும், மேலே தூக்குவது புல்-அப்பின் வேலை. உங்கள் புல்-அப் 4.7கே, அதிலிருந்து இன்னொரு 4.7கே 0.7 வோல்ட்டில் நிற்கிற பேஸுக்குப் போகுது. மீதி 4.3 வோல்ட் இரண்டுக்கும் பாதி பாதியாகப் பிரியும், அவுட்புட் 2.85க்கு மேல் ஏறாது. 2.5ஐ விட 0.35தான் கூட, அதனால் 470கே தள்ளுவது ஒன்றுமில்லாத அளவு. போட்டுப் பார்த்தால் விடும் புள்ளி 11.98 வருது, நீங்கள் சொன்ன அதே 12. பிடிக்கிற நேரம் அவுட்புட் 0க்குக் கிட்ட இருப்பதால் அந்தப் பக்கம் கெடவில்லை.
ரிலே பிடித்திருக்கும்போது ஐசியின் 1ஆம் காலில், அதாவது அவுட்புட்டில், மீற்றரை வைத்துப் பாருங்க. 470கேக்குப் பதிலாக 270கே போட்டு, பிரீசெட்டால் இறக்கி ஒப்பேற்றலாம்தான், அப்புறம் பேஸ் ரெசிஸ்டரை மாற்றுகிற நேரமெல்லாம் விடும் புள்ளியும் சேர்ந்து மாறும். எனக்கு அது பிடிக்காது.

படுவான்கரை:
பார்த்தேன் அண்ணா, 2.9 காட்டுது. அப்போ பேஸ் ரெசிஸ்டரை 47கே ஆக்கினால் போதுமா?

கல்முனைத் தம்பி:
47கே போட்டால் அவுட்புட் 4.6 வரை ஏறும், ஆனால் பேஸுக்கு 0.1 மில்லி அம்பியர் கூடக் கிடைக்காது. 400 ஓம் ரிலேக்கு 30 மில்லி அம்பியர் வேணும், பிசி547 இழுக்காது. 393க்குள் இரண்டு கம்பரேட்டர் இருக்கே, மற்றதைச் சும்மா விட்டிருப்பீங்க, அதை டிரான்சிஸ்டரை இயக்கும் ட்ரைவர் ஆக்குங்க. 1ஆம் காலை 5ஆம் காலுக்கு (அதன் பிளஸ்) கொடுங்க, 6ஆம் காலுக்கு (மைனஸ்) அதே 2.5 ரெபரன்ஸ். 7ஆம் காலையும் (அவுட்புட்) பேஸையும் நேரே சேர்த்து, அந்த இடத்திலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7கே. பேஸ் ரெசிஸ்டர் தேவையில்லை. 1ஆம் காலின் புல்-அப் இருந்த இடத்தில் இருக்கட்டும், இனி அதில் தொங்குவது 470கே மட்டும்தான். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் பிசி547ஐ எடுத்துவிட்டு 2என்7000 மொஸ்ஃபெட் போடுங்க, கேட் கரண்ட் இழுக்காது. கால் வரிசை மட்டும் பார்த்துச் செய்யுங்க. எதைப் போட்டாலும் ரிலேக்குக் குறுக்கே 1என்4007 டயோட் கட்டாயம்.

கல்லடி ரேடியோ:
கல்முனைத் தம்பி சொன்னதில் இரண்டு கம்பரேட்டர் வழிதான் என் தெரிவும், போர்டில் ஐசி ஏற்கெனவே இருக்கு. இன்னொரு விஷயம், 100கேயின் மேல் முனையையும் போர்டின் கிரவுண்டையும் லைட் வயரிலிருந்து எடுக்க வேண்டாம், பற்றரி முனையிலிருந்தே தனி வயராகக் கொண்டு வாங்க. லைட் 3 அம்பியர் இழுத்து, போக வர வயர் 0.1 ஓம் இருந்தால், போர்ட் பார்ப்பது 0.3 வோல்ட் குறைவாக இருக்கும், இவ்வளவு கணக்குப் போட்டும் 11.8இல் விட்டுவிடும். லோட் விட்டதும் பற்றரி தானாகவே 12ஐத் தாண்டி ஏறுவது வழக்கம், அதனால் 1 வோல்ட் இடைவெளியைக் குறைக்காதீங்க, குறைத்தால் இரவு முழுக்க ரிலே டிக் டிக் என்று அடிக்கும். எல்லாம் பூட்டியபின் பற்றரிக்குப் பதிலாக வோல்டேஜ் மாற்றக்கூடிய சப்ளையை வைத்து, லைட்டைக் கழற்றிவிட்டு, மெதுவாக இறக்கி ஏற்றி பிரீசெட்டைச் சரிசெய்யுங்க. அப்புறம் அதை அளந்து அதே அளவுக்கு ரெசிஸ்டர் வைத்துச் சால்டர் பண்ணிவிடுங்க, வாடியில் ஈரத்துக்கு பிரீசெட் நெடுநாள் நிற்காது.