குச்சிப் பைத்தியத்துக்கு ரப்பர் பொம்மை சரிப்படுமா?

மூக்கன்வீடு:
போன வாரம் மூக்கன் (2 வயது, கலப்பின நாய், தரையில் கிடக்கிற ஒரு குச்சியையும் விட்டு வைக்க மாட்டான்) முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். எச்சில் ஒழுகியது, தண்ணீர்ப் பாத்திரம் வரை போய்விட்டுக் குடிக்காமலே திரும்பினான். பல்வலி என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், மேலண்ணத்தின் குறுக்கே, இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பாலம் போட்டது போல ஒரு குச்சித் துண்டு. என் சுண்டுவிரலைவிடச் சின்னது. கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். அன்றோடு வீட்டில் குச்சிக்குத் தடை. ஆனால் வாங்கி வந்த ரப்பர் பொம்மையை முகர்ந்துவிட்டு, இதையா என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். மாற்றாக உருப்படியாக என்ன தரலாம்?

வேலியோரம்:
ஒரு துண்டு மாட்டிக்கொண்டது, எடுத்துவிட்டீர்கள், முடிந்தது. அதற்கு ஆயுள் தடையா? இருபது வருடமாக நாய் வளர்க்கிறேன், அத்தனையும் குச்சி கடித்து வளர்ந்தவைதான். நாய் மரம் கடிப்பது நேற்று வந்த பழக்கமா என்ன? இந்தப் பொம்மை எல்லாம் நம்முடைய பயத்தை வைத்து நடக்கிற வியாபாரம். ரப்பரும் நைலானும் வயிற்றுக்குள் போனால் மட்டும் நல்லதா?

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணத்தில் மாட்டுவது சின்ன விஷயம். பெரிய விஷயம், எறிந்த குச்சியின் ஒரு முனை மண்ணில் குத்தி நிற்க, நாய் ஓடுகிற வேகத்தில் வாயைத் திறந்தபடி அதன் மேலேயே போய் விழுவது. நாக்குக்கு அடியிலோ தொண்டையின் பின்சுவரிலோ குத்தி உள்ளே போகும். வெளியே ரத்தம் அதிகம் தெரியாது, ஒரு கத்தல், அப்புறம் வாலாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடும், வீட்டுக்காரர்களும் மறந்துவிடுவார்கள். சில வாரம் கழித்துக் கழுத்தில் வீக்கம், சீழ், மருந்து கொடுத்தால் வற்றும், நிறுத்தினால் திரும்ப வரும். உள்ளே ஒரு சிராய் மிச்சம் இருக்கும். மரம் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, சி.டி. ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கும். அப்படி வருகிற நாயைப் பார்த்தவர்கள் குச்சி எறிய மாட்டார்கள்.

வேலியோரம்:
நீங்கள் சொல்வது எறிவதைப் பற்றி. நான் எறிவதே இல்லை. படுத்துக்கொண்டு நிதானமாகக் கடிக்கிற நாய்க்கும் ஓடுகிற நாய்க்கும் வித்தியாசம் இல்லையா? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஊசிமருந்து:
வித்தியாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படுத்துக் கடித்தாலும் சிராய் சிராய்தான். ஈறில் குத்தும், விழுங்கினால் குடலிலும் குத்தலாம். எந்த மரத்துக் குச்சி என்பதும் முக்கியம். அரளிக் குச்சி என்றால் மெல்லுவதே விஷம், இதயத்தைப் பாதிக்கும்.

கடைவாய்ப்பல்:
வேலியோரம் சாரோடு பாதி ஒத்துப்போகிறேன். குச்சிக்குப் பயந்து ஓடி, அதைவிட மோசமானதை வாங்குகிறவர்கள் நிறைய. நான் அப்படித்தான் மாட்டினேன். 'இயற்கையானது, சிராய் வராது' என்று மான்கொம்பு வாங்கிக் கொடுத்தேன். சிராய் வரவில்லை, பல் போனது. மேல்வரிசை நான்காவது முன்கடைவாய்ப் பல், நாய் கெட்டியானதைக் கடிக்க வைத்துக்கொள்கிற பெரிய பல் அதுதான், பக்கவாட்டில் ஒரு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. நாயும் காட்டிக்கொள்ளவில்லை, ஒரு பக்கமாகவே மெல்கிறதே என்று தற்செயலாகத்தான் கவனித்தேன். மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் எனக்கு ஒரே சோதனைதான். கட்டை விரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் அது நாய்ப் பல்லைவிடக் கெட்டி என்று வைத்துக்கொண்டு திருப்பி வைத்துவிடுவேன். கொம்பு, குளம்பு, எலும்பு, கல் மாதிரி இருக்கிற நைலான், எல்லாமே இதில் தோற்றுவிடும். வேகவைத்த எலும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது குச்சியைவிடக் கூராக உடையும்.

வேலியோரம்:
பார்த்தீர்களா, கடைக்குப் போனவருக்குத்தான் பல் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் கயிற்றுப் பொம்மையை நூல் நூலாகப் பிரித்து விழுங்கி, குடல் சுருக்குப்பை மாதிரி சுருங்கிப்போய், அறுவை சிகிச்சை வரை போனது. குச்சியால் என் வீட்டில் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

நடைவண்டி:
"என் வீட்டில் நடக்கவில்லை" என்பது வாதம் இல்லை அண்ணே, அதிர்ஷ்டம். கயிறு இழுத்து விளையாட மட்டும், முடிந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும். நாயோடு தனியாக விடுகிற பொருள் இல்லை அது.

மூக்கன் ஏன் ரப்பரைத் தொடவில்லை என்பதற்கு வருகிறேன். குச்சியில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். முன்னங்கால் இரண்டாலும் நட்டமாகப் பிடித்துக்கொண்டு, முதலில் பட்டையை உரிப்பான், துப்புவான், அப்புறம் நுனியை 'கடக்'கென்று உடைப்பான். வாசனை உண்டு, சத்தம் உண்டு, ஒவ்வொரு கடிக்கும் ஏதோ ஒன்று பிய்ந்து வருகிறது. காலி ரப்பரில் இதில் எது இருக்கிறது? மெல்லுகிற நாய் வேறு, பிய்க்கிற நாய் வேறு. குச்சிப் பைத்தியங்களில் முக்கால்வாசி இரண்டாவது வகை என்பது என் கணிப்பு.

பிய்க்கிறவனுக்கு அட்டைப்பெட்டி கொடுங்கள். டேப், ஸ்டேப்ளர் பின், பசை ஒட்டிய காகிதம் எல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே அவனுடைய வழக்கமான உணவில் நாலு உருண்டை போட்டு மடித்து வைத்துவிடுங்கள். வீடு குப்பையாகும், பரவாயில்லை. துப்புகிற நாய்க்கு மட்டும்தான் இது, விழுங்குகிற நாய்க்குக் கிடையாது.

கடைவாய்ப்பல்:
ரப்பரையும் காலியாகக் கொடுக்கக் கூடாது. காங் என்கிற அந்தப் பனிமனிதன் வடிவப் பொம்மை வந்த கதையே ஒரு கடி நாயின் கதைதான். அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவருடைய ஜெர்மன் ஷெப்பர்ட், பெயர் ஃப்ரிட்ஸ், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பழைய வேன் ஒன்றைப் பழுது பார்க்கும்போது கழற்றிப் போட்ட ரப்பர் பாகத்தைக் கல்லை விட்டுவிட்டு அது பிடித்துக்கொண்டது. அதை வைத்து 1976இல் ஆரம்பித்த நிறுவனம்தான் காங்.

உள்ளே உணவை நனைத்து அடைத்து ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் ஓடும். வேர்க்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவில் சைலிட்டால் இருக்கிறதா என்று பார்க்கவும். நாய்க்கு அந்த இனிப்பு விஷம், ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், கல்லீரலும் கெடலாம். பந்து போன்ற பொம்மை என்றால் இரண்டு பக்கமும் துளை வேண்டும், ஒற்றைத் துளையில் நாக்கு உறிஞ்சி மாட்டிக்கொள்ளும். முழுதாக வாய்க்குள் போகிற அளவில் எதையும் வாங்காதீர்கள்.

மூக்கன்வீடு:
காபி மரக்கட்டை என்று விற்கிறார்களே, அது?

வேலியோரம்:
ஹா ஹா. குச்சி கூடாது என்று தடை போட்டுவிட்டு, லேபிள் ஒட்டிய குச்சியைக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்களா?

நடைவண்டி:
சிரிக்காதீர்கள் அண்ணே, ஒரு வித்தியாசம் இருக்கிறது. அது அடர்த்தியான மரம், காய்ந்த குச்சி மாதிரி கூராகப் பிளக்காமல் நுனியில் நார் நாராகத்தான் தேயும். என் நாய் ஒன்றை மூன்று மாதமாகத் தேய்க்கிறது.

கடைவாய்ப்பல்:
நகச் சோதனையில் அது தேறுமா? தேறாது. மெதுவாகக் கொறிக்கிற நாய்க்குக் கண் எதிரில் வைத்துக் கொடுக்கலாம், மூக்கன் மாதிரி 'கடக்'கென்று உடைக்கிறவனுக்கு நான் கொடுக்க மாட்டேன். இதில் வேலியோரம் சார் சொல்வதுதான் சரி, மரம் மரம்தான்.

நடைவண்டி:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கட்டும்.

ஊசிமருந்து:
எதைக் கொடுத்தாலும் வாரம் ஒரு முறை கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரிசல், பிய்ந்த ஓரம் தெரிந்தால் குப்பைக்கு. நடையில் குச்சியை எடுத்துவிட்டால் துரத்திப் பிடுங்காதீர்கள், துரத்தினால் அவசரத்தில் விழுங்கும். நல்லதாக ஒன்றைக் காட்டி 'கொடு' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மூக்கன்வீடு:
பத்து நாள் ஆயிற்று. அட்டைப்பெட்டி அமோக வெற்றி, கூடத்தில் தினமும் பனி பெய்தது போல இருக்கிறது. உறைய வைத்த ரப்பரை இப்போது ஃப்ரீஸர் கதவுச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறான். 'கொடு' மட்டும்தான் எதிர்பாராத இடத்துக்குப் போய்விட்டது. நேற்று ஒரே நடையில் ஏழு குச்சி. ஒவ்வொன்றாக எடுத்து, கடிக்காமல், என் காலடியில் வைத்துவிட்டுப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலியோரம்:
வியாபாரம் என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே.