ப்ளூரே பிளேயரும் பழைய 5.1 ரிசீவரும்: வசனம் தெளிவாக இல்லை, பின் ஸ்பீக்கர்களில் சத்தமே இல்லை

உறையூரான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக இதோடு போராடிக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா வீடு மாறும்போது அவருடைய பழைய 5.1 ரிசீவரையும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்) ஸ்பீக்கர் செட்டையும் எனக்குக் கொடுத்தார். முன்னால் இரண்டு, நடுவில் ஒரு சென்டர், பின்னால் இரண்டு, ஒரு சப்வூஃபர். ரிசீவரில் எச்டிஎம்ஐ கிடையாது. டிஜிட்டல் ஒலி வாங்க ஆப்டிகல் இரண்டு, கோஆக்சியல் ஒன்று, அப்புறம் வெள்ளை சிவப்பு ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று முகப்பில் எழுதியிருக்கிறது. என்னிடம் ஏற்கெனவே ப்ளூரே பிளேயர் இருக்கிறது. பிளேயரிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போகிறது, டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் ரிசீவருக்குப் போகிறது.

பிரச்சினை இதுதான். அம்மாவுக்கு வசனம் புரியவில்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத மாதிரி கலைந்து கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்கிறது. சென்டர் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. பின் ஸ்பீக்கர்களும் அப்படித்தான். ரிசீவர் டிஸ்ப்ளேயில் எப்போதும் பிசிஎம் என்றுதான் காட்டுகிறது. ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் ஐந்து ஸ்பீக்கரும் பாடுகின்றன, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே சத்தம்.

ஹால் 14க்கு 11 அடி. டைல்ஸ் தரை. டிவி 11 அடிச் சுவரில். சோபா எதிர்ச் சுவரோடு ஒட்டி. சென்டர் ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். கடையில் கேட்டால் இதைத் தூக்கிப்போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கச் சொல்கிறார்கள். சித்தப்பா ஆசையாகக் கொடுத்த செட், தூக்கிப்போட மனம் வரவில்லை. புதிதாக ரிசீவர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

---

கோவை டிஸ்க் பதில்:

வாங்க வேண்டாம். ஆப்டிகல் ஒயரை டிவியிலிருந்து பிடுங்கி பிளேயரின் பின்பக்கம் செருகுங்கள். எச்டிஎம்ஐ படத்துக்காக டிவியிலேயே இருக்கட்டும். எச்டிஎம்ஐ வழியாக உள்ளே வரும் ஒலியை ஆப்டிகலில் வெளியே விடும்போது பல டிவிகள் ஸ்டீரியோவாகச் சுருக்கிவிடும். பிசிஎம் (பிரித்து முடித்த, நேரடி டிஜிட்டல் ஒலி) என்று காட்டுவது அதனால்தான்.

---

மைக்செட் பேரன் பதில்:

கோவை நண்பர் சொன்னது சரி, முதல் வேலை அதுதான். ஆனால் உறையூரான் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத மாதிரி." இது ஸ்டீரியோவால் மட்டும் வருவதில்லை. முன் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றுக்கு ஒயர் மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் தாத்தா மயிலாடுதுறைப் பக்கம் மைக்செட் வைத்திருந்தார். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் போவோம். பெட்டி ஸ்பீக்கர் கட்டும்போது அவர் என்னிடம் முதலில் கேட்பது "பிளஸ் மைனஸ் பார்த்தியா?" என்றுதான். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மாறிவிட்டால், ஒன்றின் கூம்பு முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கும். அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டிலும் சமமாக வரும் குரல் நடுவில் நிற்காமல் கரைந்துபோகும். உங்கள் வீட்டில் சென்டர் வேலை செய்யாததால் வசனம் முழுக்க இடது வலதில்தான் வருகிறது. அதில் ஒன்று தலைகீழ் என்றால் அம்மாவுக்குப் புரியாததில் ஆச்சரியமே இல்லை.

ரிசீவரை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பாருங்கள். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒயரில் நிறம் இல்லையென்றால் ஒரு இழையின் ஓரமாகக் கோடோ வரிப்பள்ளமோ ஓடும், விரலால் தடவினால் தெரியும். அதுவும் இல்லையென்றால் தாத்தாவின் வழி: ஒயரின் ரிசீவர் பக்க முனையை முழுதாகக் கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே வரும். உள்ளே போனால் மாறியிருக்கிறது. ஆம்போடு இணைந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. திரும்ப மாட்டும்போது செம்புப் பிசிறு ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடாதபடி முறுக்கிச் செருகுங்கள், தொட்டால் ஆம்ப் போய்விடும்.

அடுத்து பிளேயர் செட்டிங்ஸ். டிஜிட்டல் ஆடியோ அவுட் என்ற இடத்தில் பிட்ஸ்ட்ரீம் (டிஸ்கில் உள்ள ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று வையுங்கள். பிசிஎம் என்று விட்டால், ஆப்டிகல் ஒயரில் பிசிஎம் இரண்டு சேனலுக்கு மேல் போகாது, மறுபடி ஸ்டீரியோதான். இன்னொரு இடத்தில் பிடி (BD) ஆடியோ மிக்ஸ் அல்லது செகண்டரி ஆடியோ என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். மெனுவின் டிங் சத்தத்தைக் கலப்பதற்காகப் பிளேயர் மூல ஒலியைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறது, நமக்கு அது தேவையில்லை.

புது ரிசீவர் வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். ப்ளூரேயில் இருக்கும் உயர்தர ஒலி வடிவங்களான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் இரண்டும் ஆப்டிகலில் போகாது, உண்மை. ஆனால் ட்ரூஎச்டி தடத்தோடு சாதாரண டால்பி டிஜிட்டல் ஒன்றும் டிஸ்கில் கூடவே இருக்கும். டிடிஎஸ் எச்டி மாஸ்டருக்குள் சாதாரண டிடிஎஸ் கருவாக இருக்கும். பிளேயர் அதை எடுத்து ஆப்டிகலில் அனுப்பிவிடும். டிவிடியில் டால்பி அதிகபட்சம் நொடிக்கு 448 கிலோபிட், ப்ளூரேயில் 640 வரை போகும், டிடிஎஸ் கரு 1,500 அளவில் இருக்கும். ஆகவே உங்கள் பழைய ரிசீவரிலேயே டிவிடியைவிட நல்ல ஒலி கிடைக்கும். 11 அடி ஹாலில் டைல்ஸ் தரையின் எதிரொலி கெடுப்பதைவிட இந்த வித்தியாசம் சிறியது என்பது என் அனுபவம். அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இடம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சென்டரை வைக்காதீர்கள், தயவுசெய்து. 5.1 படத்தில் வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. தட்டின் முன் விளிம்புக்கு இழுத்து, கதவைக் கழற்றிவிட்டு, முன்பக்க அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து முகத்தை அம்மாவின் காதுக்கு நேராகச் சாய்த்துவிடுங்கள். முன் இரண்டையும் எட்டடி இடைவெளியில் வையுங்கள். சோபாவைச் சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் நகர்த்த முடியுமா? பின் ஸ்பீக்கர் என்று பெயர் இருந்தாலும் 5.1இல் அவற்றுக்கு இடம் முதுகுக்குப் பின்னால் இல்லை. பக்கவாட்டில், காதுக்குச் சற்றே பின்னால் தள்ளி, உட்கார்ந்த காதைவிட இரண்டடி உயரத்தில். முன்னால் நேர்கோட்டைப் பூஜ்யம் என்று வைத்தால் 110 டிகிரி.

பின் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயர் போதும். சுவரோரம் பிவிசி கேசிங் அடித்து விடுங்கள், ஆனால் கரண்ட் ஒயர் ஓடும் அதே கேசிங்கில் வேண்டாம்.

பிறகு ஒரு டேப் எடுத்து, அம்மா உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எத்தனை அடி என்று அளந்து ரிசீவரில் போடுங்கள். ஒலி ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். பக்க ஸ்பீக்கர் ஐந்தடியிலும் சென்டர் பத்தடியிலும் இருந்தால் பக்கச் சத்தம் முந்திக்கொள்ளும், ரிசீவர் அதைப் பிடித்து நிறுத்தி அனுப்பும். அடுத்து டெஸ்ட் டோன். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் "ஷ்ஷ்" என்று விடும். போனில் டெசிபல் காட்டும் ஆப் போட்டு, சோபாவில் காது உயரத்தில் பிடித்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் சென்டரை மட்டும் இரண்டு டெசிபல் ஏற்றுங்கள், அது அம்மாவுக்காக. சண்டையில் ஜன்னல் அதிர்வதற்கு நைட் மோட் அல்லது டைனமிக் ரேஞ்ச் என்று ரிசீவரில் தேடுங்கள், டால்பி தடங்களில் பெரிய சத்தத்தை அடக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்கும்.

தரையில் ஒரு பவானி ஜமக்காளம் விரியுங்கள். டைல்ஸில் பட்டுத் தெறிக்கும் சத்தம்தான் வசனத்தின் கடைசி எழுத்துகளை அழிக்கிறது. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் இன்னும் நல்லது.

---

மழைத்துளி பதில்:

சப்வூஃபரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மூலையில் வைத்தால் "கும் கும்" என்று ஒரே சுரம்தான் கேட்கும். நான் செய்தது: சப்பைத் தூக்கி சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேட்டேன். எந்த இடத்தில் தனித்தனி அடியாகத் தெளிவாகக் கேட்டதோ அங்கே சப்பை இறக்கினேன். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் என்று போட்டு, கிராஸ்ஓவர் (அதற்குக் கீழுள்ள அடித்தொனி சப்புக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் வைத்தேன். உங்கள் பெட்டிகள் கையளவு என்றால் 100 அல்லது 120 வைத்துப் பாருங்கள்.

கீழ்வீட்டில் ஆள் இருந்தால் அடியில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள்.

---

உறையூரான் பதில்:

மைக்செட் பேரன் அண்ணா, இடது ஸ்பீக்கர் மாறித்தான் இருந்தது! ஸ்பீக்கர் பக்கம் சரி, ரிசீவர் பக்கம் கறுப்பு சிவப்பில் மாட்டியிருக்கிறேன். அதை மட்டும் சரிசெய்து, வேறெதையும் தொடாமல் போட்டுப் பார்த்தேன், குரல் டிவியின் நடுவுக்கு வந்து நின்றது.

ஆப்டிகலைப் பிளேயரில் செருகியபோது முதலில் ஒன்றும் வரவில்லை. பிளேயரின் ஓட்டையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருந்திருக்கிறது, அதைக் கவனிக்காமல் திணித்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்ததும் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. இப்போது டிஸ்ப்ளேயில் டால்பி டிஜிட்டல் என்று வருகிறது. சென்டரைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டேன். சோபா ஒன்றரை அடிதான் நகர்ந்தது, அதற்கு மேல் நகர்த்த முடியாமல் முன்னால் அம்மாவின் தையல் மிஷின் இருக்கிறது. நேற்று ராத்திரி அம்மா ரிமோட்டைக் கேட்கவே இல்லை, முழுப்படமும் ஒரே சத்தத்தில் பார்த்தார்.

இரண்டு சந்தேகம் மிச்சம். உதடு அசைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குரல் வந்துவிடுகிறது. அப்புறம், ஒரு தமிழ் டிவிடியில் மட்டும் இன்னும் பின்னால் சத்தமே இல்லை, அட்டையில் 5.1 என்றுதான் போட்டிருக்கிறது.

---

மைக்செட் பேரன் பதில்:

ரொம்ப சந்தோஷம். தையல் மிஷின் அங்கேயே இருக்கட்டும், ஒன்றரை அடி போதும்.

குரல் முந்துவது டிவியால். படத்தை மெருகேற்ற டிவி கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது, ஒலி இப்போது டிவிக்குப் போகாமல் நேராக ரிசீவருக்கு வந்துவிடுகிறது. ரிசீவரிலோ பிளேயரிலோ ஆடியோ டிலே அல்லது லிப் சிங்க் என்று இருந்தால் 40 மில்லிசெகண்டில் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். யாராவது கை தட்டும் காட்சியை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் பிடிபடும். இல்லையென்றால் டிவியில் கேம் மோட் போடுங்கள், தாமதம் குறையும்.

அந்த டிவிடியில் ஒரே படத்துக்கு இரண்டு ஒலித்தடம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டீரியோ ஒன்று, 5.1 ஒன்று. எதையும் தேர்ந்தெடுக்காமல் பிளே அழுத்தினால் முதலில் இருப்பது ஓடும். டிஸ்க் மெனுவில் ஆடியோ அல்லது லாங்குவேஜ் பக்கம் போய் 5.1ஐத் தேர்ந்தெடுங்கள், அல்லது படம் ஓடும்போதே ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். மாறினால் ரிசீவர் டிஸ்ப்ளேயிலேயே தெரியும். அட்டையில் 5.1 என்று போட்டு உள்ளே வெறும் ஸ்டீரியோ தடம் மட்டும் இருந்தால், ரிசீவரில் ப்ரோ லாஜிக் 2 (ஸ்டீரியோவை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரிக்கும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து மூவி என்று வையுங்கள். வசனத்தையாவது சென்டருக்குக் கொண்டுவரும்.