பழைய மேஸில் (காலுறையில்) ஹலோவீன் பொம்மை: தைக்கிற ஆக்கள் கைப்பக்குவத்தைச் சொல்லுங்க (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதின ஆளின்ர ஊர்)

கல்லடி

ஒக்டோபர் 31, ஹலோவீன் எண்ட பேய்வேசக் கொண்டாட்டத்துக்குத் தைக்கிற ஆக்களுக்கு முதல்ல ஒண்டு: வெட்டிப்போட்டுத் தைக்காதீங்க, தைச்சுப்போட்டு வெட்டுங்க. மேஸ் நெய்த துணி இல்ல, பின்னின துணி. கத்தரி பட்ட இடத்தில கண்ணி கழண்டு ஓடும். கால் ரெண்டையும் முதல்லயே பிரிச்சு வெட்டினால், ஓரம் சுருண்டு ஒரு கால் மெலிஞ்சு போயிரும்.

பள்ளிக்கூட வெள்ளை மேஸ் பேய்க்கும் மம்மிக்கும் (துணி சுத்தின எகிப்துப் பிணம்) நல்லம். சவர்க்காரம் போட்டுக் கழுவி நல்லாக் காயவிட்டு, உட்புறம் வெளியே வரப் பிரட்டுங்க. குதிக்கால் சரி நடுவில, மேல பாத்தபடி கிடக்க வேணும். விரல் நுனி தலை, குதிக்கால் குண்டி, மேல்குழாய் ரெண்டு கால். குதிக்கால் ஒரு பக்கம் சாய்ஞ்சு கிடந்தால் பொம்மை முறுகித்தான் இருக்கும், மறுகா சரிக்கட்ட ஏலா.

குழாய் வாயிலிருந்து குதிக்காலுக்கு 3 செ.மீ. கிட்ட வரைக்கும் சோக்கட்டியால நடுக்கோடு போடுங்க. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 5 மி.மீ. தள்ளித் தையல். பாதத்தில வளைச்சு முடிச்சு, கவட்டில 4 செ.மீ. திறந்து விடுங்க. இப்பதான் நடுக்கோட்டால வெட்டுறது. ரப்பர் செத்த பட்டியும் இந்த நேரத்தில வெட்டுப்படட்டும். கை, காது, வாலுக்குச் சோடியில மற்ற மேஸ்.

திறந்த கவட்டால நல்ல பக்கம் வெளியே வரத் திரும்பப் பிரட்டிப் பஞ்சு அடையுங்க. பஞ்சை உருண்டையாத் திணிக்காதீங்க, கல்லுக்கல்லாத் தெரியும். விரலால பிய்ச்சுப் பிய்ச்சு, முதல்ல பாதம், பிறகு கால், கடைசியா உடம்பு. கழுத்துக்கு 60 செ.மீ. நூலை இரட்டையாக் கோர்த்து, 5 மி.மீ. ஓட்டுத்தையலாச் சுத்தி வந்து இழுத்து, ரெண்டு சுத்துச் சுத்தி முடிச்சுப் போடுங்க. தலையை இறுக்கமா அடைச்ச பிறகுதான் இந்த வேலை. பஞ்சு குறைஞ்ச கழுத்து ரெண்டு நாளில மடிஞ்சு விழும்.

மருதமுனை

கல்லடி அக்கா சொன்னதுக்கு மேல தையல் விசயம். மெசினில நேர்த்தையல் போட்டால் தைக்கிற நேரம் வடிவா இருக்கும். பஞ்சு அடைக்கத் துணி இழுபடும், நூல் இழுபடாது, ‘பட் பட்’ எண்டு அறும். சிக்சாக் (வளைஞ்சு வளைஞ்சு போற தையல்) 1.5 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. நீளம் வையுங்க. ஊசி, பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசி. கூர் ஊசி கண்ணியையே குத்தி அறுக்கும், ஓட்டை பிறகுதான் வெளிக்கும். கையால எண்டால் 3 மி.மீ. பின்தையல் (ஒவ்வொரு குத்தும் பின்னால போய் முன்னால வாறது). கவட்டை மூடுறதுக்கு ஏணித்தையல் (ரெண்டு ஓரத்தையும் மாறி மாறிக் கோர்க்கிறது), நூல் வெளியில தெரியாது.

சூனியக்காரிக்கு முடி வேணுமெண்டால் நம்மட ஊர்த் தறிகளில மிஞ்சிற நூல் இருக்கே. தறியில நீளவாக்கில போற பாவு நூல் கஞ்சி போட்டது, விறைச்சு நிக்கும். சுடுதண்ணியில ஊறவைச்சு அலசினால்தான் தொங்கும். 12 செ.மீ. காட்போட் மட்டையில 40 சுத்து, நடுவில பின்தையல் போட்டு உச்சியில பிடிச்சுத் தைச்சு, ரெண்டு நுனியையும் வெட்டி விடுங்க. பசை போட்டு ஒட்டாதீங்க, மண்டை மட்டை மாதிரி ஆகும்.

ஏறாவூர்

இலவம்பஞ்சு போடலாமா ராத்தா (அக்கா)? பழைய தலையணை ஒண்டு கிடக்கு.

மருதமுனை

போடலாம் தம்பி, நேரா இல்ல. அதின்ர இழை மெல்லிசு, பின்னல் கண்ணியால வெளிய பறக்கும். பழைய ஸ்டொக்கிங் துண்டில பை தைச்சு அதுக்குள்ள அடைச்சு உள்ள வையுங்க. கறுப்பு மேஸில வௌவால், பூனை செய்யிற ஆக்களுக்கும் இதே வழிதான். இழுபட்ட கறுப்புக்குள்ளால வெள்ளைப் பஞ்சு எட்டிப் பாத்தால் பொம்மை நரைச்ச மாதிரி இருக்கும்.

ஏறாவூர்

நல்லம். மம்மிக்குத் தேயிலைச் சாயம் போடுற முறையை நான் சொல்றன். அரை லீற்றர் தண்ணிக்கு 4 தேக்கரண்டி தேயிலை, 10 நிமிசம் கொதிக்கவிட்டு வடிச்சு, நனைச்ச மேஸை அரை மணித்தியாலம் ஊறப் போடுங்க. வடிக்காமப் போட்டால் தூள் ஒட்டின இடமெல்லாம் புள்ளி. தேசிக்காய் (எலுமிச்சை) விடாதீங்க, சாயம் வெளுக்கும். பொலியெஸ்டர் மேஸ் சாயம் பிடிக்காது. சந்தேகமெண்டால் ஒரு நூலை இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க: உருகிக் கட்டியானால் பொலியெஸ்டர், கடதாசி மணத்தோட சாம்பலானால் பருத்தி. சுத்துத்துணிக்குப் பழைய வேட்டியை 1.5 செ.மீ. அகலத்தில கிழிக்க வேணும். கத்தரியால வெட்டினால் ஓரம் சுத்தமா நிண்டு, ஆசுப்பத்திரிக் கட்டு மாதிரி இருக்கும்.

பொத்துவில்

அறுகம்பைப் பக்கம் வெள்ளைக்காரருக்கு விக்க நினைக்கிற ஆக்கள் ரெண்டு விசயம் கவனியுங்க. பொம்மை இருக்க அடியில பாரம் வேணும். அரிசி, பயறு போட்டால் வண்டு வரும். கடல் மணல் அதைவிட மோசம், உப்பு ஈரத்தை இழுத்து மேஸில கறை ஏறும். ஆத்து மணலைக் கழுவி, சட்டியில வறுத்து ஆறவைச்சு, ரெண்டு பொலித்தீன் பையில கட்டி வையுங்க. மாரி மழை தொடங்கினால் துணி லேசாக் காயாது. அரைகுறை ஈரத்தோட பஞ்சு அடைச்சால் உள்ளுக்குள்ள பூஞ்சணம்தான்.

கண்ணுக்குத் தெறி (சட்டைப் பட்டன்) வைக்கிறது பெரிய ஆக்களுக்கு. மூண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள் பிடுங்கி வாயில போடும், அதுகளுக்கு நூலாலயே கண் போடுங்க. லைட் வைக்கிற ஆக்கள் பட்டன் பற்றரி மூடி திருகாணி போட்டதா எண்டு பாருங்க. பற்றரியை விழுங்கினால் தொண்டை வெந்திரும். மெழுகுதிரிக்குக் கிட்ட இந்தப் பொம்மையள் போகவே கூடாது.

முகத்தைப் பத்தி: கண் ரெண்டும் கீழ, அகலமா வைச்சால் குழந்தை முகம். பேய்க்கு மேல ஏத்தி, கிட்டக் கிட்ட, ஒண்டைச் சின்னனா வையுங்க.

கல்லடி

பொத்துவில் காக்கா (அண்ணா), பூசணிக்கு ஆரஞ்சு மேஸ் எங்கேயும் கிடைக்குதில்லையே?

பொத்துவில்

வெள்ளையிலேயே செய்யுங்க தங்கச்சி. அயர்லாந்திலயும் ஸ்கொட்லாந்திலயும் முந்தி ஹலோவீன் விளக்குக்குக் குடைஞ்சது டர்னிப் எண்ட வெளிறின கிழங்கு, பூசணி அமெரிக்காவில பிறகு வந்தது. 12 செ.மீ. குழாய்த் துண்டில ஒரு வாயைச் சுருக்கி, பஞ்சு அடைச்சு மற்ற வாயையும் சுருக்குங்க. ஆறிழை எம்புரோய்டரி நூலைப் பிரிக்காம நீள ஊசியில கோர்த்து, அடியால குத்தி உச்சியில எடுத்து, வெளிப்பக்கத்தால திரும்ப அடிக்குக் கொண்டு வந்து இழுங்க. ஆறு தரம் செய்தால் ஆறு சுளை விழும். தையல் நூலால இழுத்தால் துணியை அறுக்கும்.