ஆனைக்கும் சரிவருமா என்று மாமி கேட்ட சென்சர்

மாமியின் வீடு வெல்லாவெளியில், வட்டையை (வயல்வெளியை) ஒட்டி இருக்கிறது. சிறுபோக நெல்லை மூடை கட்டி முன் அறையில் அடுக்கிய நாளிலிருந்து மாமிக்கு நித்திரை இல்லை. நெல் மணத்துக்கு யானை சுவரையே இடித்துவிடும் என்ற பயம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. "மகன், கள்ளன் வந்தா கத்துற பெட்டி செய்வீங்களாமே, ஆனைக்கும் சரிவருமா?" என்று கேட்டார். செய்து பார்ப்போம் என்றேன்.

எடுத்தது எச்.சி-எஸ்.ஆர்.501 பலகை, உடம்புச் சூட்டை வைத்து அசைவை உணரும் சென்சர். அதன் மூன்று கால்களில் இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று சமிக்ஞைக்கு. பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியின் 12 வோல்ட்டை நேரடியாகவே கொடுக்கலாம். சமிக்ஞைக் காலில் வெளியே வருவது 3.3 வோல்ட்தான், மின்னோட்டமும் சிறிது, அதில் பஸர் கத்தாது. அதனால் அதை 1 கிலோ ஓம் தடை வழியாக பி.சி.547 ட்ரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்தேன். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் மாதிரி அது; பேஸ், எமிட்டர், கலெக்டர் அதன் மூன்று கால்கள். எமிட்டர் தரைக்கு, கலெக்டருக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவில் பஸர். சுற்று அவ்வளவுதான்.

இடம் பார்த்துப் பொருத்தத்தான் நாலு நாள் எடுத்தது. மின்சாரம் கொடுத்ததும் ஒரு நிமிடம் அளவில் அது தானாகவே கத்தும், பழுது என்று கழற்றிவிடாதீர்கள். மறுகா பகலில் தொல்லை. கச்சான் காற்றுக்கு, வெயிலில் சுட்டுக் கிடந்த வாழையிலை முன்னால் ஆடும்போதெல்லாம் பஸர் கத்தியது. குலை தள்ளிய வாழை, வெட்ட மாமி விடவில்லை. நாலு அங்குல பி.வி.சி குழாய்த் துண்டை சென்சரின் வில்லைக்கு (லென்ஸ்) முன்னால் மாட்டிப் பார்வையைக் குறுக்கினேன். சத்தம் அடங்கியது.

முதலில் சென்சரை வேலி வாசலான கடப்புக்கு நேரே பார்க்க வைத்திருந்தேன். நான் நேராக நடந்து வந்தால் கிட்ட வரும்வரை அது உணரவில்லை. குறுக்கே நடந்தால் உடனே பிடித்தது. உள்ளே வெப்பத்தை உணரும் துண்டுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குப் படும் சூடு மற்றதற்கு மாறும்போதுதான் அதற்கு அசைவு தெரியும். ஆகவே வேலிக் கட்டையில் கட்டி, யானை வரும் வழியைக் குறுக்கே பார்க்க வைத்தேன். எட்டுவது 7 மீற்றர் அளவுதான். பஸரை மட்டும் வயர் இழுத்து வீட்டுக்குள் வைத்தேன். அது யானையை விரட்ட அல்ல, எங்களை எழுப்ப.

ஒன்பதாம் நாள் சாமத்தில் பஸர் கத்தியது. விளக்குப் போடாமல் ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, வாழைத் தண்டு முறிந்து நாரோடு கிழியும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நெல் இல்லாத பின் அறைக்குப் போனோம். மாமி என் கையைப் பிடித்தபடியே இருந்தார். அரை மணித்தியாலத்தில் அது வட்டைப் பக்கம் கிறுகிவிட்டது. சுவர் தப்பியது, அந்த வாழை போய்விட்டது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மறுமொழி:

என் கடையில் மழைக்குப் பயந்து இதே சென்சரைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். ஆள் முன்னால் நின்று கையாட்டினாலும் அசையவில்லை. உடம்பின் வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டாதாம். அண்ணன், நீங்கள் மழைக்கு என்ன செய்தீர்கள்?

தம்பி, முன்னால் எதையும் மூடவில்லை. குழாயைக் கொஞ்சம் கீழே சரித்து, மேலே தகரத் துண்டு ஒன்றைக் கூரையாக வளைத்துக் கட்டினேன். பலகையின் பின்பக்கத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் டப்பா. மாரி தொடங்க முன் உங்களுடையதையும் வெளியே எடுத்து இப்படிக் கட்டிப் பாருங்கள்.