'ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்': 'இடையடி' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகளில், எதிரி பக்கத்தில் இருக்கும்போது அசந்தால் அவன் சட்டென்று அடிக்கும் அடிக்கு 'ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்' என்று பெயர். இதைத் தமிழில் சொல்ல இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன: வாய்ப்புத் தாக்குதல், முதுகடி. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்றாவதாக ஒன்று தோன்றியது. அது தோன்றிய கதையையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பால்டர்ஸ் கேட் 3 என்ற, முறை வைத்துச் சண்டை போடும் கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். அணியில் நான்கு பேர். அதில் மந்திரவாதியான கேல் என்பவனை ஒட்டி ஒரு காப்ளின் (குட்டிப் பூதம் மாதிரி ஓர் எதிரி) வந்து நின்றுவிட்டது. கேல் ஏற்கெனவே குற்றுயிர், இன்னொரு அடி தாங்கமாட்டான். பின்னால் தள்ளி நிறுத்தி அங்கிருந்து நெருப்பு வீசலாம் என்று நகர்த்தினேன். கால் எடுத்து வைத்ததுதான் தாமதம், காப்ளின் கத்தியை வீசியது, கேல் சுருண்டு விழுந்தான். பக்கத்தில் இருந்த அக்கா பையன் குதித்தான்: "இப்ப நம்ம டர்ன்தானே மாமா? அவன் எப்படி அடிக்கலாம்? இது போங்கு!"

போங்கு இல்லை, விதிதான். எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர் தன் காலால் நடந்து விலகினால் எதிரிக்கு ஓர் அடி இலவசம். யாராவது பிடித்துத் தள்ளினாலோ, மந்திரத்தால் மறைந்து வேறிடத்தில் தோன்றினாலோ அந்த அடி விழாது. தவிர, இந்த அடிக்குச் செலவாவது எதிர்வினை, அதாவது தன் முறை இல்லாதபோதும் செய்யக்கூடிய செயல் ('ரியாக்ஷன்'). அது சுற்றுக்கு ஒன்றுதான். அதே காப்ளினோடு என் அணியில் கவசம் பூண்ட லேசெல் என்பவளும் மோதிக்கொண்டிருந்தாள். அவளை முதலில் விலகவிட்டு, அந்த ஒரு அடியை அவள் கவசத்தில் வாங்கியிருந்தால், கேல் சாவகாசமாக நடந்து போயிருப்பான். இதெல்லாம் விழுந்த பிறகு வரும் ஞானம்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'வாய்ப்பு' என்றதும் நம் ஆட்களுக்கு வேலைவாய்ப்புதான் ஞாபகம் வரும். அதோடு, எந்த அடிதான் வாய்ப்புப் பார்த்து அடிக்காத அடி? இந்த அடியின் தனித்தன்மை அந்தப் பெயரில் இல்லை. ஆங்கிலச் சொல்லைத் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் தமிழ் அது.

முதுகடி நல்ல சொல். புறமுதுகு, புறப்புண் எல்லாம் பின்னால் வந்து நிற்கின்றன. ஆனால் 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் திருடன் ஒளிந்து வந்து பின்னாலிருந்து குத்துவது ஒரு தனித்திறன். 'பேக்ஸ்டாப்' என்ற அதற்குத்தான் இந்தச் சொல் பொருந்தும். அதற்காக எடுத்து வைத்துக்கொள்வோம்.

நானே முதலில் 'விலகலடி' என்றுதான் குறித்து வைத்திருந்தேன். திட்ட விலகல் படித்தவர்கள் சிரிப்பார்கள், போகட்டும். உண்மையான சிக்கல் பழைய விதிகளில் இருக்கிறது. இந்த விளையாட்டுகளின் விதிகளுக்கு மூலம் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு. அதன் மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தது. அதை ஒட்டி வந்த நெவர்வின்டர் நைட்ஸ் (2002), அதன் வழியில் வந்த பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர் (2018) போன்றவற்றில் விலகவே வேண்டாம். எதிரி பக்கத்தில் இருக்கும்போது மந்திரம் சொல்ல ஆரம்பித்தாலோ வில்லை நாணேற்றினாலோ கூட அடி விழும். அசந்தால் அடி, அவ்வளவுதான். நின்ற இடத்தில் நிற்பவனுக்கு விழுவதை விலகலடி என்று எப்படிச் சொல்வது?

சோர்ந்த நேரம் என்ற பொருளில் பழந்தமிழில் 'அற்றம்' உண்டு. ஆசையாகத்தான் இருந்தது. 'அற்றவடி' என்று எழுதிப் பார்த்தால் எதுவோ அற்றுப்போன அடி போல இருக்கிறது. விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் பையன் கத்தியது திரும்ப ஞாபகம் வந்தது. அவன் முறை இல்லாதபோது எப்படி அடிக்கலாம் என்றுதானே கேட்டான்? புதிய விதியோ பழைய விதியோ, இரண்டுக்கும் பொது அதுதான்: இன்னொருவர் முறையின் நடுவே புகுந்து விழும் அடி. பொதுத்தேர்தலுக்கு நடுவில் வருவது இடைத்தேர்தல் என்றால், இது இடையடி.

விளையாட்டுத் திரையில் சின்னப் பெட்டியில் வரும் விளக்கக் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்: "எதிரியிடமிருந்து விலகினால் இடையடி விழும்." "நழுவினால் இடையடி இல்லை." (அடி வாங்காமல் எதிரியிடமிருந்து விலக உதவும் 'டிஸ்என்கேஜ்' என்ற செயலுக்கு நழுவல் என்று போட்டிருக்கிறேன், இதில் யாருக்கும் ஆட்சேபம் இராது என்று நினைக்கிறேன்.) "வில் எடுத்தால் இடையடிக்கு ஆளாவீர்." மூன்றும் நாக்கில் உருளாமல் வருகின்றன. நான்கெழுத்து என்பதால் அந்தப் பெட்டியிலும் அடங்குகிறது.

இடுப்பில் விழும் அடியா என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும், இடைவேளையை யாரும் இடுப்பு வேளை என்று படிப்பதில்லை.

முறை, சுற்று இரண்டையும் மட்டும் கலக்காமல் எழுத வேண்டும். ஒருவர் ஆடுவது முறை; எல்லோரும் ஒரு தடவை ஆடி முடித்தால் சுற்று. என் பழைய குறிப்புகளில் நானே நாலைந்து இடத்தில் மாற்றி எழுதியிருக்கிறேன், திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று: சொன்ன மந்திரம் கலையாமல் மனத்தை அதிலேயே வைத்திருப்பதான 'கான்சென்ட்ரேஷன்' என்பதற்குக் கவனக்குவிப்பு என்று வைத்திருக்கிறேன், பெட்டிக்குள் அடங்கவில்லை. குட்டையாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.