‘ஒட்டுண்ணி’ வேண்டாமே: பறவை ரத்தத்துக்குள் குடியிருப்பதற்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

நம் கையேட்டுக்காக, பறவை ரத்தத்தில் வாழும் நுண்ணுயிர்களுக்கு நீங்கள் சொன்ன ‘குருதி ஒட்டுண்ணி’யைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். அத்தனை பேரும் நாயின் காதில் தொங்கும் உண்ணியைத்தான் நினைத்தார்கள்! வெளியே ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது. நாம் சொல்ல வருவதோ ரத்த அணுவுக்குள்ளேயே புகுந்து குடியிருப்பதை. ஹீமோபுரோட்டியஸ் என்ற நுண்ணுயிர் முற்றினால் சிவப்பணுவின் உட்கருவை வளைத்துக்கொண்டு கிடக்கும் (நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை, பறவைக்கு உண்டு, அதனால்தான் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிய ரத்தப்பூச்சில் அந்த வளைவு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது).

‘பறவை மலேரியா’ என்றே விட்டுவிடலாம் என்றால், அந்தப் பெயர் பிளாஸ்மோடியம் என்ற இன்னொரு நுண்ணுயிர் தரும் நோய்க்குத்தான் சரி, கியூலெக்ஸ் கொசு பரப்புவது. ஹீமோபுரோட்டியசைக் கொண்டுபோவது கொசுவைவிடச் சின்னக் கடிபூச்சிகளும் இறகுக்குள் ஓடும் தட்டை ஈக்களும். மூன்றாவது நுண்ணுயிரான லியூகோசைட்டோசூனைக் கொண்டுபோவது கருப்பு ஈ. மூன்றுக்கும் பொதுப்பெயர் வேண்டுமே.

‘பறவை முறைக்காய்ச்சல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார் (முறைக்காய்ச்சல் என்றால் மலேரியா). அதைச் சிங்கப்பூரில் அச்சடித்தால் ஈரச்சந்தையில் கோழி வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள், பறவைக் காய்ச்சல் என்றாலே நமக்கு அந்த இன்னொரு நோய்தான். ‘குருதியுறையி’ (குருதியில் உறைவது, அதாவது வாழ்வது) அழகுதான், ஆனால் ரத்தம் உறைய வைக்கும் மருந்து மாதிரி ஒலிக்கிறது.

எனக்குத் தோன்றியது ‘குருதிவாழ்வி’. தவளைக்கு ‘இருவாழ்வி’ என்கிறோமே, அதே வழியில். மண்டாய்ப் பறவைப் பூங்காவுக்குப் பெங்குவின் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கான கையேடு இது, ஒரே மூச்சில் சொல்ல வரவேண்டும்.

---

வணக்கம் அம்மா,

உண்ணி விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பாடநூலில் ஊறிய சொல் என்பதால் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

குருதிவாழ்வி பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல். டிரிப்பனோசோம் என்ற ஒற்றைச்செல் உயிரும் ஃபைலேரியாப் புழுவின் இளம்புழுவும் அதே ரத்தத்தில்தான் இருக்கின்றன, ஆனால் அணுவுக்குள் போகாமல் வெளியே நீந்திக்கொண்டிருக்கும். அவையும் குருதிவாழ்விதானே? ஆகவே அதை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, உங்கள் மூன்றை மட்டும் ‘குருதியணுவாழ்வி’ என்று பிரிக்கலாம். ‘சிவப்பணுவாழ்வி’ என்று போய்விடாதீர்கள், லியூகோசைட்டோசூன் வெள்ளணுவையும் பிடிக்கும். கொஞ்சம் நீளம்தான், ‘நுண்ணுயிர்க்கொல்லி’யையே சொல்லும் பிள்ளைகள் இதையும் சொல்வார்கள்.

அப்புறம், பெங்குவின் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். கொசுவே இல்லாத தென்கோடிக் குளிரில் வளர்ந்த இனங்களுக்கு இந்த நோயோடு பழக்கமில்லை, அதனால் திறந்தவெளியில் வைத்திருக்கும் காட்சிசாலைகளில் கூட்டமாகக்கூடச் செத்திருக்கின்றன, சில இடங்களில் கொசுக் காலத்தில் முன்கூட்டியே மருந்து கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் ‘பறவை மலேரியா’ இருக்கட்டும், அது மனிதருக்குத் தொற்றாது என்ற வரியோடு. 1982-லேயே மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்திடம் பெயர் வாங்கிய ஊர் நம்முடையது. அந்த வரி இல்லாவிட்டால் எந்தத் தாயாவது பள்ளிக்குப் போன் போடுவார்.